இடது பக்கம்

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வெள்ளியங்கிரியின் இடது மார்பில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

இடம் மாற்றி வைத்தாள். அக்குளுக்குக் கீழே, அப்புறம் முதுகில். மூச்சு வந்து போகிற சத்தம் எங்கேயும் இல்லை.

வலப்பக்கம் மட்டும் இரைத்துக்கொண்டிருந்தது.

காலை பதினொரு மணிக்கு இதே வெள்ளியங்கிரி அவளிடம் சிரித்துப் பேசினான். தோப்பில் தேங்காய் உரிக்க நட்டிருந்த கம்பி மேல் வழுக்கி விழுந்தவன். காயம் ஒரு ரூபாய்க் காசு அகலம்கூட இல்லை. இடது மார்பில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு, தொட்டாலே வலிக்கிறது என்றான். அவள் வலப்பக்கம் மட்டும் வைத்துக் கேட்டாள். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள்.

இரண்டு பக்கமும் மூச்சு சரியாக இருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதினாள். அவளா எழுதினாள்? அந்த ஆஸ்பத்திரியில் எல்லா டாக்டர் கையும் அந்த வரியைத் தானாகவே எழுதிவிடும்.

வார்டு டாக்டர் அதைப் படித்தார். எக்ஸ்ரே சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் காதில் எதையும் மாட்டவில்லை.

இப்போது மணி ஒன்றரை. அவனுக்கு மூச்சு முட்டுகிறது என்று வார்டிலிருந்து அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

விலா இடுக்கில் குழாயை இறக்கினாள். ரத்தம் ஒரு பாட்டில் நிரம்பியது. அடுத்ததும் நிரம்பியது. அவள் கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வராந்தாவில் அவன் மனைவி பழனாத்தாள் டீ வாங்கிய தூக்குவாளியோடு நின்றாள். நர்ஸ் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அழுகை இன்னும் வரவில்லை. டாக்டரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதான் வெச்சுப் பாத்து ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே. அதுக்கு மேல நீங்க என்னங்க பண்ணுவீங்க. எங்க விதிங்க டாக்டரம்மா.”

பேசாமல் போயிருக்கலாம். பழியை விதி பெரிய மனசோடு வாங்கிக்கொண்டிருக்கும். நர்ஸ்கூடக் கண்ணாலேயே போகச் சொன்னாள்.

“அடிபட்ட பக்கம் நான் வெச்சே பாக்கலைங்க” என்றாள் டாக்டர்.

பழனாத்தாள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள், ஆறுதல் சொல்கிறவளைப் போல. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நின்றது.

பிடித்த கையை மட்டும் அவள் விடவில்லை.