சோத்துக்கை

அனுப்பிரியா மிஸ் மூன்றாவது தடவையாகக் குச்சியைப் பிடுங்கி, ஜெகனின் வலக்கையில் சொருகினார்.

"சோத்துக்கை எதுடா செல்லம்? அதுலதான் அடிக்கணும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவன் அம்மா மேரி ஷாலினிக்கு இடது உள்ளங்கை ஏனோ சுருக்கென்றது. எதிரே தொங்கிய பேனரைப் பார்த்தாள். 'தொடலாம், தட்டலாம், இஷ்டம்போல வாசிக்கலாம். மழலைகளுக்கு விளையாட்டே இசை!'

இஷ்டமாம். யாருடைய இஷ்டம்?

இதை நம்பித்தான் கடலூரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, அண்ணாமலை நகரில் இந்த மாடிவீட்டைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறாள்.

வீட்டில் சாப்பாட்டு வேளை வந்தால் அவள் கணவன் ஜோசப்ராஜ் மகனின் இடக்கையைக் கர்ச்சீப்பால் கட்டிவிடுவான். பீச்சாங்கைப் பயல் என்று சிரிப்பு வேறு. கொஞ்ச நேரமாவது அந்தக் கை இஷ்டத்துக்குக் கிடக்கட்டுமே என்றுதான் வந்தாள்.

பாயில் டோலக், ஜால்ரா, கிலுகிலுப்பை, ஒரு சின்ன கீபோர்டு. சுற்றிலும் பெற்றோர். பிள்ளைகள் தட்டியதைவிட இவர்கள் செல்போனில் படம் எடுத்ததுதான் ஜாஸ்தி.

ஒரு பெண் குழந்தை கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"எம் பொண்ணுக்கு ரிதம் சென்ஸ் பாத்தீங்களா சார்?" அதன் அப்பா பூரித்துப்போனார்.

மிஸ்ஸும் தலையாட்டினார். கடிக்கலாம் போலிருக்கிறது. இடக்கையால் தட்டுவதுதான் குற்றம்.

நான்காவது தடவை மிஸ் குனிந்தபோது ஷாலினி எழுந்துவிட்டாள்.

"விடுங்க மிஸ். டோலக்குல என்ன சோறா பெசையப் போறான்? அவன் கை, அவன் அடிச்சிக்கட்டும்."

மிஸ் உதட்டைச் சுழித்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார்.

ஜெகன் அம்மாவைப் பார்த்தான். மெதுவாகக் குச்சியை இடக்கைக்கு மாற்றினான்.

டும்.

மிஸ் திரும்பவில்லை. இன்னொரு டும். அப்புறம் அவன் நிறுத்தவே இல்லை. எச்சில் ஒழுகச் சிரித்துச் சிரித்து அடித்தான்.

ஷாலினி பேனரையும் மிஸ்ஸையும் செல்போன் அப்பாக்களையும் ஒரு சுற்று பார்த்தாள். இவர்களெல்லாம் படித்தவர்கள். பிள்ளை வளர்க்கிறார்களாம்!

கை ஓய்ந்ததும் ஜெகன் அவளிடம் ஓடிவந்தான்.

"ம்மா, நீ அடி!"

மூச்சு வாங்கக் குச்சியை நீட்டினான். இடக்கையால்.

"சோத்துக்கையால குடு."

சொன்னது யார் என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை.

பிள்ளையின் சிரிப்பு நின்றுபோனது. குச்சியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, இடக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி நீட்டினான்.

வாங்கிய பிறகுதான் ஷாலினி பார்த்தாள்.

குச்சியைப் பிடித்திருந்தது அவளுடைய இடக்கை.