மூன்றாவது ஊக்கு

சொர்ணலட்சுமியைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

தலைமையாசிரியர் அறையில், பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவே, பச்சைப் பாவாடையும் வெள்ளை ஜாக்கெட்டுமாக நின்றாள். மேலே தாவணி இல்லை.

வாசலில் வந்து நின்ற பழனியம்மாளுக்கு மகளின் முதுகு மட்டுமே தெரிந்தது. இரட்டைச் சடையில் ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. தோள்பட்டையில் ஜாக்கெட் கிழிந்திருந்தது.

பழனியம்மாள் திண்டுக்கல்லில் வெங்காயக் கமிஷன் கடை ஒன்றில் மூட்டை தைப்பவள். வேலையில் இருந்தவளைப் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து கையோடு கூட்டி வந்திருந்தான்.

"ஒம் மக பயலுக நடுவுல தாவணியக் கழட்டிப்புட்டு நின்னுச்சாம். பெரிய சார் கூட்டியாரச் சொன்னாரு."

அவன் சொன்னது கடையிலிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. வழி நெடுக அவள் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாள்.

தலைமையாசிரியர் அவளை உட்காரச் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பெண்பிள்ளைகள் தாவணி இல்லாமல் இந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறக் கூடாது என்றார். தோளில் ஓர் ஊக்கு, இடுப்பில் ஓர் ஊக்கு. விளையாட்டு பீரியடானாலும் சரி, புழுங்கித் தொலைத்தாலும் சரி, எடுக்கக் கூடாது. உங்கள் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், சின்னப் பிள்ளை இல்லை. நாளைக்கு மற்றப் பெண்களைப் பெற்றவர்கள் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் சன்னலுக்கு வெளியே பையன்கள் சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டுக் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பழனியம்மாள் எதையும் கேட்கவில்லை. நேராகப் போய் மகளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏண்டி, இதுக்காடி ஒன்னயப் படிக்க அனுப்புனேன்?"

சொர்ணலட்சுமி அழவில்லை. மெல்லத் திரும்பினாள்.

இரண்டு கைகளையும், புத்தகத்தைப் பிரித்துப் பிடித்த மாதிரி, முகத்துக்கு நேரே ஏந்தியிருந்தாள். உள்ளங்கை இரண்டும் வெந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தன. ஒன்று உடைந்து மணிக்கட்டு வரை நீர் வழிந்திருந்தது.

அடித்த கை அந்தரத்தில் நின்றுபோனது.

"என்னடி இது?"

லேபில் ஸ்பிரிட் விளக்கு சாய்ந்துவிட்டது என்றாள். கூடப் படிக்கும் முனீரின் பேண்ட்டில் தீப்பிடித்துக்கொண்டது. அவன் அலறிக்கொண்டு கீழே விழுந்து புரண்டான். எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். அவள் தாவணியை உருவினாள். இடுப்பில் இருந்தது உடனே வந்துவிட்டது, தோளில் குத்தியிருந்த ஊக்கு வரவில்லை. அதற்குள் தீ முழங்காலுக்கு ஏறிவிட்டது. ஜாக்கெட்டோடு பிய்த்து இழுத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, அவன் காலில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கெமிஸ்ட்ரி சார் அவனை வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். தாவணியும் அவன் காலோடு போய்விட்டது.

"இம்புட்டு நேரம் இதச் சொல்றதுக்கென்னடி?"

"யாரும் கேக்கலம்மா. திரும்பி நில்லுன்னாங்க."

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்ல காரியந்தான்மா, இல்லேங்கல. ஆனா அதுக்குன்னு மணல் வாளி வச்சிருக்கோம். பசங்க இருந்தாங்க. பொம்பளப்புள்ள செத்த யோசிச்சிருக்கணும்ல?"

பழனியம்மாள் மகளின் கைகளிலிருந்து கண்ணை எடுத்து அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அந்தப் பயலுக அம்புட்டுப் பேரு மேலயும் சட்டை இருந்துச்சுல்ல சார்? நெனச்ச நேரம் கழட்டி மரத்துல மாட்டுறவனுகதான? ஒருத்தன் கழட்டுனானா? அவனுக ஆத்தா அப்பனையெல்லாம் கூட்டியாரச் சொன்னீகளா?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, மறுபடி அங்கேயே வைத்தார்.

மூட்டை தைக்கும் பெண்கள் தூசிக்காகச் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். பழனியம்மாள் தன் மேலிருந்த அந்தச் சட்டையின் பொத்தான்களை அங்கேயே, அவர் எதிரிலேயே, ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். உள்ளே சேலை ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தும் அவர் அவசரமாகச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சட்டையை மகளின் தோளில் போர்த்தி, கையில் படாமல் கழுத்துப் பொத்தானை மட்டும் மாட்டினாள். வராந்தா நெடுக நின்று வேடிக்கை பார்த்தவர்கள் நடுவே அவளை நடத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முனீரின் காலுக்கு ஒன்றும் ஆகாது, தழும்புதான் நிற்கும் என்று அங்கே சொன்னார்கள்.

கைக் கட்டோடு சொர்ணலட்சுமி வீட்டில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள்.

காலைப் பிரார்த்தனையில் கெமிஸ்ட்ரி சாரைப் பாராட்டி எல்லோரும் கைதட்டினார்களாம், மாணவனைத் தக்க சமயத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்காக. அது முடிந்ததும் இன்னோர் அறிவிப்பு வந்ததாம். இனிமேல் பெண்பிள்ளைகள் தாவணிக்கு நெஞ்சருகே மூன்றாவதாக ஓர் ஊக்கும் குத்திவர வேண்டும். சட்டென்று உருவ முடியாதபடிக்கு.

கட்டுப் பிரித்துப் பள்ளிக்குக் கிளம்பிய அன்று சொர்ணலட்சுமிக்கு விரல்கள் மடங்கவில்லை. பழனியம்மாளே புதுத் தாவணியை உடுத்திவிட்டாள். தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, தோளில் மடிப்பு வைத்தாள்.

"மூணு குத்தணுமாம்மா," என்றாள் சொர்ணலட்சுமி.

பழனியம்மாள் மடிப்பை விட்டுவிட்டு, வாயிலிருந்த ஊக்குகளை எடுத்துத் திரும்பத் தாலிக்கயிற்றிலேயே மாட்டிக்கொண்டாள். தாவணி முனையை இடுப்பில் சும்மா செருகிவிட்டாள்.

"ஒண்ணும் வேணாம், போ. அவசரத்துக்கு உருவ லேசா இருக்கட்டும்."