எந்தக் கோடு, சார்?

“கோட்டில் உறுதி இல்லை. கண் பழகவில்லை. முதலிலிருந்து தொடங்கவும்.”

கிறிஸ்டினாவின் தாளுக்கடியில் சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தான் பிரேம்நாத். மற்ற பதினோரு பேருக்கும் ‘நன்று’. அவளுக்கு மட்டும் இப்படி.

பக்கத்தில் இருந்த குர்ஷித் எட்டிப் பார்த்தாள். “இன்னா சார், எங்க எல்லாத்தையும் விட இவங்களுதுதான நல்லாருக்கு?”

“பாக்க நல்லாருக்கும். அடிப்படைன்னு ஒண்ணு வேணும்ல,” என்றான் அவன், தாளைப் பார்க்காமல்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனி அது. தையல் லைனிலிருந்து பன்னிரண்டு பெண்களைப் பொறுக்கி, சனிக்கிழமை மதியங்களில் பிரேம்நாத்தை வைத்து வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு, வட்டம், பெட்டி. அதெல்லாம் வந்த பிறகுதான் ஷூ. தேறும் இரண்டு பேருக்கு மாடியில், டிசைன் ரூமில் வேலை. அங்கே டார்கெட் கிடையாது. பாத்ரூம் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கிறிஸ்டினாவுக்கு முப்பத்தாறு வயது. பதினைந்து வருஷம் குனிந்து தைத்ததில் கழுத்து போய்விட்டது. மிஷினை விட்டால்தான் ஆச்சு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆனால் அந்தப் பதினைந்து வருஷம் அவள் கைக்கு ஒன்றைக் கொடுத்திருந்தது. பென்சிலை வைத்தால் ஒரே இழுப்பு. நடுக்கம் இல்லை, அழிப்பு இல்லை. நாலு வருஷம் இதையே படித்துவிட்டு வந்த பிரேம்நாத்துக்கே அப்படி வராது. முதல் வாரமே அது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது வாரம் புரொடக்‌ஷன் மேனேஜர் காசிநாதன் கூப்பிட்டு அனுப்பினார்.

“யாரை வேணா எடுத்துக்கப்பா. கிறிஸ்டினாவை மட்டும் தொடாத. அவ எழுந்து போனா என் லைன் படுத்துடும்.”

“சார், அவங்கதான் இருக்கறதுலயே...”

“தெரியும். வேணாம்னு நான் சொன்னா பேஜாராய்டும். நீ வாத்தியார். நீ எழுதிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.” பிறகு மெதுவாகச் சொன்னார். “உன் வேலையை நிரந்தரம் பண்ற ஃபைலு என் டேபிள்லதான் இருக்கு.”

அப்படி எழுதியதுதான் அந்தச் சிவப்பு மை.

எல்லோரும் போன பிறகு கிறிஸ்டினா தாளோடு வந்து நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று அவன் தயாரானான்.

“எந்தக் கோடு, சார்?”

“என்ன?”

“உறுதி இல்லன்னு எழுதிக்கிறீங்களே. எதுன்னு காட்டுனீங்கன்னா சரி பண்ணிக்குவேன்.”

தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. அவள் பொறுமையாக நின்றாள். கடைசியில் ஒரு பெட்டியின் மேல்கோட்டைச் சுற்றி வட்டம் போட்டான். “இங்க தயங்குது பாருங்க.”

தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். “எனக்குத் தெரியல சார். வீட்டுல போய் நல்லா பாக்குறேன்.”

குர்ஷித்தையும் இன்னொரு பெண்ணையும் மாடிக்கு எடுத்தார்கள். கிறிஸ்டினா மிஷினுக்குத் திரும்பினாள். ஆனால் விடவில்லை. ஷூ பெட்டி மூடிகளின் உள்பக்கமெல்லாம் வரைந்து, சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் காத்திருந்து காட்டுவாள்.

நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால், அப்புறம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாள். அதனால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு குறை சொன்னான். ஒருநாள் கோணம். ஒருநாள் அழுத்தம். ஒருநாள், “வேகமா போடுறீங்க. யோசிச்சுப் போடுங்க.”

தலையை ஆட்டிக்கொண்டு போனாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஏப்ரலில் காசிநாதன் ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாறிப் போனார். அதே மாதம் குர்ஷித் கல்யாணமாகிப் பேரணாம்பட்டு போனாள். பிரேம்நாத்தின் வேலையும் அதற்குள் நிரந்தரமாகியிருந்தது. புது மேனேஜர், “உனக்கு யாரு சரின்னு படுதோ எடுத்துக்கப்பா,” என்றார்.

அன்று மத்தியானமே தாளும் பென்சிலுமாக லைனுக்கு இறங்கினான். ஆறு மாதமாக உறுத்திக்கொண்டிருந்ததை இறக்கி வைக்கப்போகிற அவசரம்.

“கிறிஸ்டினா, மேல இடம் காலியாருக்கு. உங்களைத்தான் எடுக்கப் போறேன். சும்மா ஃபைலுக்கு ஒரு பெட்டி போட்டுக் குடுங்க.”

மிஷினை நிறுத்திவிட்டுப் பென்சிலை வாங்கினாள். தாள் மேல் வைத்தாள், எடுத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்து மறுபடி வைத்தாள். கொஞ்சம் போட்டு அழித்தாள். இன்னும் கொஞ்சம் போட்டு அதையும் அழித்தாள். கோடு ஒட்டுப்போட்ட மாதிரி துண்டு துண்டாக வந்தது. பெட்டி முடிவதற்குள் பென்சிலை வைத்துவிட்டாள்.

“அப்ப என் கண்ணுல படல சார். பாக்கப் பாக்கத்தான் தெரிஞ்சுது. இப்ப எதைப் போட்டாலும் தப்புதான் தெரியுது.”

பிரேம்நாத் அவள் பக்கம் குனிந்தான்.

“கேளுங்க கிறிஸ்டினா. அன்னைக்கு உங்க கோட்டுல ஒரு தப்பும் இல்ல. பன்னெண்டு பேர்ல உங்களுதுதான் முதல். நான்தான் வேணும்னே மாத்தி எழுதினேன்.”

மிஷின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னான்.

அவள் சிரித்தாள். தாளை அவனிடமே நீட்டினாள்.

“எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். இப்ப எம்மேல பாவம் பாத்து நீங்களும் பொய் சொல்லாதீங்க, சார்.”