உறைந்த ஆற்றின் மேல்

மாடிக் கைப்பிடியைப் பிடித்தபடி மேடை ஓவியர் புரோஹொர் இல்யீச் கீழே பார்த்தார்.

நாடக அரங்கின் பின்திரை, கூடத்தின் தரை முழுக்க விரிந்து கிடந்தது. ரஷ்யாவில் மேடை ஓவியர்கள் இப்படித்தான் வரைவார்கள். துணியைத் தரையில் விரித்து, கம்பளிச் செருப்போடு அதன் மேலேயே நடந்து, விளக்குமாறு நீளத் தூரிகையால் தீட்டுவார்கள். கீழே நிற்பவனுக்குத் தான் என்ன வரைகிறோம் என்றே தெரியாது. மாடி ஏறினால்தான் படம்.

அவர் வரைந்தது உறைந்த ஆறு.

அதன் நடுவில் ஈரமான காலடித் தடங்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. நாளைக்கு முதல் காட்சி. உதவியாளர்கள் இருவரையும் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர்கள் தங்கள் பெரிய பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தடங்கள் சின்னவை. வெறுங்கால்.

வெள்ளையைக் குழைத்து மறைத்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஏறினார். தடங்கள் இருந்தன. முன்பைவிட நீளமாக, கரைப் பக்கம் வந்திருந்தன.

அப்போதுதான் கவனித்தார். நடு ஆற்றுக்குப் போகும் தடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நடு ஆற்றிலேயே தொடங்கின.



போன குளிர்காலத்தில், பனி உடைந்து ஆற்றுக்குள் போனவள் அவர் மகள் ஜோயா. பனி உருகிய பிறகு அவளுடைய பூட்ஸ் மட்டும் கரை ஒதுங்கியது.

நாடகத்துக்கு ஆறு வேண்டும் என்றபோது, வேறு யாரையாவது வரையச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதே வளைவை, அதே மரங்களோடு வரைந்தார். பாழாய்ப்போன கைக்கு வேறு ஆறு தெரியவில்லை.

பயத்தில் அவசர அவசரமாக மறைத்தார்.

வெள்ளை காய்வதற்குள் தடங்கள் திரும்ப வந்தன. இந்த முறை அவ்வளவு தூரம் வரவில்லை. அடிகள் நெருங்கி நெருங்கி விழுந்திருந்தன. ஓய்ந்துபோனவள் நடப்பது போல.

இயக்குநர் கிளாவ்தியா மாடிக்கு வந்தாள்.

“நல்லா வந்திருக்கு, புரோஹொர் இல்யீச். அந்தக் கறையை மட்டும் மறைச்சிடுங்க. சாயங்காலம் திரையைத் தூக்கிக் கட்டணும்.”

தலையாட்டிவிட்டு இறங்கினார்.

கடைசித் தடத்தின் அருகே நின்று தூரிகையை வெள்ளையில் தோய்த்தார். ஓங்கியவர் அப்படியே நின்றார்.

ஒவ்வொரு முறை மறைத்தபோதும், அவள் நடு ஆற்றிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறாள். திருப்பி அனுப்பியது அப்பா.



கரை இன்னும் தூரத்தில் இருந்தது. ஓய்ந்துபோன அவள் கால்களால் அதுவரை வர முடியாது. அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

வெள்ளை வாளியைத் தள்ளி வைத்தார். மண் நிறத்தைக் கலக்கினார். கரையின் விளிம்பில் நின்று, ஆற்றுக்குள் தீட்ட ஆரம்பித்தார்.

“ஆறு குறுகிக்கிட்டே போகுதே, புரோஹொர் இல்யீச்” என்றாள் கிளாவ்தியா மேலிருந்து.

“போகட்டும்” என்றார்.

தூரிகையை எட்டிய மட்டும் நீட்டி, அடுத்த பட்டையை இழுத்தார்.