எந்தப் பெட்டியில் விழுந்தது?

மெத்தை கம்பெனி அனுப்பும் மெயிலெல்லாம் ஸ்பாம் பெட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் மல்லுக்கட்டிப் புது சர்வர் அமைத்த மெயில்காரர், முதல் சோதனை மெயிலைத் தட்டிவிட்டு, புகார்ப் பிரிவுப் பெண்ணிடம் ஓடினார். மெயிலில் ஒரே வரி: 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கச் சம்மதமா?' இரண்டு வருடமாக நேரில் கேட்க நாக்கு எழாத கேள்வி.

"மேடம், என் மெயில் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"ஸ்பாம்லயா?"

"இன்பாக்ஸ்ல. எல்லாத்துக்கும் மேல."

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

"அப்போ... பதில்?"

"வந்துக்கிட்டே இருக்கு சார்."

"யார்கிட்டயிருந்து?"

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "என் பேரைத் தட்டுறதுக்குப் பதிலா வாடிக்கையாளர் பட்டியலையே தட்டிட்டீங்க. நாலாயிரம் பேர்! பதிலெல்லாம் புகார்ப் பிரிவுக்குத்தானே வரும்? இதுவரைக்கும் எழுபத்திரண்டு பேர் சம்மதம்னு எழுதியிருக்காங்க."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஐயோ! உங்க ஒருத்தரைத்தான் மேடம் கேட்டேன்!"

"நானும் நம்ம மெத்தை வாங்கினவதானே சார்? எழுபத்து மூணுன்னு எழுதிக்கோங்க."