காத்திருக்கும் வரி

மனைவி இறந்து ஒரு வருடமாகியும், அவள் எழுதிய கணினி நிரலில் ஒரு வரியை மட்டும் அவன் மாற்றவில்லை. கூட வேலை செய்யும் மச்சினன் போனில் பிடித்துக்கொண்டான்.

"மாமா, பின்னணியில வேலை செய்யற திரெட்டை இன்னும் பழைய ஃபங்ஷன்லதான் கிளப்பறீங்க. அது தனியா ஓடி, வேலை முடிஞ்சதும் தன் அடையாள எண்ணைத் தானே அழிச்சுடும். அப்புறம் அந்த எண்ணை வச்சுக் காத்திருக்கச் சொல்ற அடுத்த வரி எதுக்காகக் காத்திருக்கிறது? புது ஃபங்ஷன்னா எண் நம்ம கையில இருக்கும். அது முடியறவரைக்கும் இருந்து நாமளே மூடலாம்."

"உங்க அக்கா எழுதினதுடா."

"அக்கா இருந்தா உங்களைத் திட்டிட்டு அவளே மாத்தியிருப்பா."

சிரித்துக்கொண்டே போனை வைத்தான். மாற்றும் முன் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். காத்திருக்கும் வரியில் எப்போதும் பிழை காட்டி நின்றுவிடும். இன்று காட்டவில்லை. நிரல் காத்திருந்தது. அவனும் காத்திருந்தான். டீ ஆறி ஆடை கட்டியது.

'வந்தாயிற்று' என்று, காத்திருப்பு முடிந்ததும் காட்ட அவள் எழுதிவைத்த செய்தி திரையில் தோன்றியது.

எழுந்து வாசலுக்குப் போனான். ஒரு வருடமாகத் தெருவைப் பார்த்துக் கிடந்த அவளுடைய செருப்புகள், இப்போது வீட்டைப் பார்த்தபடி கிடந்தன.

மச்சினனுக்கு 'மாத்தியாச்சு' என்று பொய்யாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு, கதவை உள்பக்கம் தாழிட்டான்.