கோட்டிங் போன கண்ணாடி

"உள்பக்கம் விரலால தேய்ச்சியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு தம்பி."

"தேய்ச்சேங்க்கா. ஆனா விஷயம் அது இல்ல..."

"அதேதான் விஷயம்," என்றாள் அவள்.

நீச்சல் குளத்துக்குப் பின்தெருவில் இருந்தது அந்தச் சின்னக் கடை. தொப்பி, துண்டு, நீச்சலுடை எல்லாம் விற்றாலும் குளத்துக்கு வருகிறவர்களுக்கு அவள் 'கண்ணாடி அக்கா'தான். பனி படிகிறது, தண்ணீர் புகுகிறது, மூக்கை அழுத்துகிறது என்று நீச்சல் கண்ணாடியில் எந்தக் குறையோடு வந்தாலும் அவளிடம் பதில் இருக்கும். சொல்ல வந்தவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே இருக்கும், அதுதான் சங்கடம்.

வந்தவன் வாசலில் ஒரு காலும் கடைக்குள் ஒரு காலுமாக நின்றான். செருப்பில்லாத கால்கள், நனைந்த பேன்ட். குளத்தின் ஒலிபெருக்கி கரகரத்ததும் கழுத்தை வெடுக்கென்று திருப்பினான்.

"இது இல்ல. இதுக்கு அடுத்ததுதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "என் தங்கச்சிக்குப் போட்டிக்கா. கோட்டிங் போயிடுச்சு, இதைப் போட்டுக்கிட்டு இறங்க மாட்டேன்னு உட்கார்ந்திருக்கா."

அவள் கண்ணாடியை அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள். கருமையான கண்ணாடி. ஒரு ஓரத்தில் மட்டும் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"வெயிலுக்குப் போடறதா இது? எவன் தலையில கட்டினான் உனக்கு?"

"யாரும் கட்டலை. கோட்டிங் நான் போட்டதுதான்."

"நீ போட்டியா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்பெனிக்காரன் மெஷின் வச்சுப் போடறதை நீ வீட்ல உட்கார்ந்து போட்டா, உரியாம வேற என்ன செய்யும்?"

கண்ணாடியின் உள்பக்கம் 'ஹா' என்று ஊதினாள். புகைபோல வெண்மை படர்ந்தது.

"பாரு. உள்பக்கம் விரலே படக் கூடாது. நல்ல தண்ணியில அலசி நிழல்ல காய வைக்கணும். இப்போதைக்கு ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தடவிக் கழுவிட்டா ஓடிடும். அதுவும் இல்லைன்னா எச்சில். பெரிய சாம்பியன்லாம் துப்பித் துடைச்சுக்கிட்டுத்தான் இறங்கறாங்க."

"பனி படிஞ்சா அவளுக்குக் கவலை இல்லக்கா."

"இப்ப அப்படித்தான் சொல்வா. சுவர் தெரியாம போய் முட்டிக்கும்போது தெரியும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் புதுக் கண்ணாடி ஒன்றை அவன் முன்னால் வைத்துவிட்டாள். "இதைக் குடு. குளத்தடியில ஊசி கிடந்தாலும் தெரியும்."

அவன் அதைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். "ரொம்பத் தெளிவா இருக்கு."

"அதைக் குறையாச் சொல்ற முதல் ஆள் நீதான்."

"இதைவிட இருட்டா இருக்கா?"

புகை நிறத்தில் ஒன்று கொடுத்தாள். வெளியே பாதரசம் பூசியதுபோல மினுங்குகிற ஒன்றும் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடிப்பதும், உதட்டைப் பிதுக்குவதும், அடுத்ததற்குக் கை நீட்டுவதுமாக இருந்தான். மேசை நிறையக் கண்ணாடி சேர்ந்துவிட்டது. அவன் பதற்றம் அவளையும் தொற்றிக்கொண்டது. எரிச்சலாகவும் வந்தது.

"தம்பி, கூரை போட்ட குளம் அது. உள்ள வெயிலே கிடையாது. ஏன், நடுவர் ஏதாவது சொன்னாரா?"

"அவரு வாங்கிப் பார்த்தாரு. சரி, போங்கன்னுட்டாரு."

"அப்புறம் என்ன? நடுவரே விட்டாச்சு. நகக்கண் அளவு உரிஞ்சதுக்கா இத்தனை அமர்க்களம்? வீட்ல ரொம்பத்தான் செல்லம் கொடுத்து வச்சிருக்கீங்க."

"நானும் அதையேதாங்க்கா சொன்னேன். யாரும் கவனிக்கலை, பேசாம இறங்குன்னு. கழட்டி என் கையில திணிச்சிட்டா." "அணிக்கு ஆள் எடுக்கற போட்டி. இதை விட்டா எல்லாம் முதல்லேருந்து."

"பயம்தான், வேறென்ன. தோத்துட்டா கண்ணாடி மேல பழியைப் போடலாம் பாரு. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்தாச்சு."

அவன் முகம் சுருங்கியது. கண் அலமாரி அலமாரியாக அலைந்தது. ஒலிபெருக்கி மறுபடி கரகரத்து ஏதோ எண்களைச் சொன்னது. அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. அந்த நொடியில் சுவிட்ச் போர்டுக்குக் கீழே தொங்கிய டேப்பைப் பார்த்துவிட்டான். வயரில் சுற்றுகிற கறுப்பு டேப்.

"அக்கா, அது."

கேட்டானே தவிர, அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தான். பழைய கண்ணாடியின் உள்பக்கத்தைச் சட்டை நுனியால் ஒற்றி எடுத்து, உரிந்த இடத்தின் மேல் ஒட்டினான். மேலே இன்னொரு பட்டை. அதன் மேல் இன்னொன்று. விளக்கருகே கொண்டுபோய்க் கண்ணில் வைத்து அழுத்திப் பார்த்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் தோள் தளர்ந்தது.

கண்ணாடி அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ விதமாகக் கண்ணாடியைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை.

"டேய், என்ன காரியம் பண்றே? மொத்தமா அடைச்சிட்டியே. அந்தப் பொண்ணு எதைப் பார்த்து நீந்தும்?"

அவன் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தான். ஓட்டத்தை நிறுத்தாமல் திரும்பிச் சொன்னான்:

"எதையும் பார்க்கக் கூடாதுக்கா. இது பார்வை இல்லாதவங்களுக்கான போட்டி. என் தங்கச்சிக்கு வெளிச்சம் மட்டும் லேசாத் தெரியும், பக்கத்து லேன் பொண்ணுக்கு அதுவும் தெரியாது."